படகுக்குப் பல் கட்டியவர்

ஓட்டல்காரர் டேப்பின் ஒரு முனையை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு படகின் மூக்கு வரை போனார். நீளம் அவருக்குப் பிடித்திருந்தது. ஓட்டல் வாசலுக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவில் மாட்டி, கீழிருந்து நீல விளக்கு அடித்தால் கடலில் பாய்கிற மாதிரியே இருக்கும் என்றார்.

"உள்ள ரெண்டு எஞ்சின் இருக்கே, அதைக் கழட்டிடுவீங்கல்ல? வெயிட்டு தாங்காது."

"கழட்டிடலாம்," என்றார் வாத்தியார்.

"அந்த எடத்துல ஒரு மீன் தொட்டி வெச்சிடலாம்."

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் படகுக்கு அடியில் சட்டென்று நின்றது. டிரெய்லரின் சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண்மணி தவழ்ந்து வெளியே வந்தார். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசி.

"மீனா?" என்றார்.

"கலர் மீனும்மா. குழந்தைங்க பாக்கும்."

"சார், இது அலை மேல பறக்கறதுக்குன்னே கட்டின படகு. நடுக்கடல்ல பந்தயம் ஓடினது. இதுல மீன் வளக்கறதுக்கு, ஒரு பந்தயக் குதிரையை வாங்கி அது முதுகுல துணி காயப் போடுங்களேன்."

ஓட்டல்காரர் சிரித்தார். கோபப்படுகிற ஆள் இல்லை. "நல்ல பொருளை நாலு பேர் பாக்கட்டுமேன்னு சொன்னேன்," என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண்மணி வாத்தியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படகுக்கு அடியில் போனார். உப்புத்தாள் சத்தம் முன்பைவிட வேகமாகக் கேட்டது.

அவருக்குத் தெருவில் பம்பரம் அக்கா என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயரை மாற்ற யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாய் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அக்கா அதில் மெழுகு வைத்து, பல் அடுக்கி, வார்த்து, தேய்த்து, பளபளவென்று திருப்பி அனுப்புவார். லேப் என்று வெளியே பலகை மாட்டியிருந்தாலும் அது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறைதான். அதில் ஒரு நாற்காலி உண்டு. அதன் மேல் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். அக்கா நின்றுகொண்டே வேலை செய்வார். மெழுகு உருகும் வரை வாசலுக்குப் போய் வருவார். அச்சு இறுகும் வரை படியேறி மாடி வரை போய் இறங்குவார். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே மூன்று முறை வெளியே வந்துவிடுவார் என்பதால் வாத்தியார் எப்போதும் ஓரத்து சீட்டாகப் பார்த்து டிக்கெட் எடுப்பார்.

வேலை செய்யும்போது மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள். அக்கா கேட்பது எஞ்சின். பழைய பந்தயப் படகுகள் கடலில் சீறிக்கொண்டு போகும்போது யார் யாரோ பதிவு செய்து வைத்த சத்தங்கள். போனில் பேசுகிற டாக்டர்கள் குழம்பிப்போவார்கள்.

"என்னம்மா, உங்க லேப்ல மாவு மில்லு ஓடுதா?"

"இல்ல டாக்டர். எட்டு சிலிண்டர், ரெண்டு எஞ்சின். இப்ப அலையிலேருந்து மேல எழும்புது பாருங்க... கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மேல் பல்லு எப்ப வரும்?"

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்தது ஒரு வாடிக்கையாளரால். ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவருக்குக் கீழ்ப் பல்செட் ஈறைக் கடித்தது. அவர் கிளினிக்குக்கு வர மறுத்துத் துறைமுகத்திலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டுக்கொண்டதால் அக்கா அரமும் கையுமாகத் துறைமுகத்துக்குப் போனார். அன்று அங்கே பழைய படகுகளின் கூட்டம். படகு கண்ணில் படுவதற்கு முன் சத்தம் வந்தது. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுக் குலுக்கியது போல இருந்ததாகப் பிற்பாடு சொல்வார். நீளமான, ஒடுக்கமான, ஈட்டி போன்ற ஒரு படகு அலையின் உச்சியில் ஏறி, அங்கிருந்து அப்படியே காற்றில் போனது. அடிவயிறு முழுக்க வெளியே தெரிந்தது. பின்னால் இரண்டு புரொப்பல்லர்களும் ஒன்றுமில்லாத வெளியில் சுழன்று மின்னின. விழுந்தது, விழுந்த தண்ணீர் அடங்குவதற்குள் மறுபடி எழுந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் சார் நிக்கறாங்க? சீட்டு இல்லையா?"

கேப்டன் பல்லில்லாத வாயால் சொன்னார்: "ஒக்காந்தா முதுகெலும்பு ஒடஞ்சிரும். இதுல நின்னுதான் ஓட்டணும்."

உட்காரவே முடியாத வண்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அக்கா அன்றுதான் தெரிந்துகொண்டார். ராவிய பல்செட்டைக் கேப்டன் வாயில் மாட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டதா என்று கேட்க மறந்து போய், கரையோரமாக அந்தப் படகின் கூடவே நடந்தார். கரை முடிகிற இடம் வரை நடந்தார்.

அதன் பிறகு அவரிடம் பேச்சுக் கொடுப்பது ஆபத்தாகிவிட்டது. அந்தப் படகுகளின் அடிப்பாகம் ஏன் தட்டையாக இல்லாமல் கோடாலி வாய் போல ஆழமாக இருக்கிறது, ஏன் ஒருவர் திசை திருப்ப இன்னொருவர் எஞ்சினின் வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறார் என்றெல்லாம் காய்கறிக் கடையில் நின்று சொல்வார். கடைசியில் தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு மரக் கிடங்கின் மூலையில், மழைத்தண்ணீர் தேங்கி, உள்ளே செடி முளைத்துக் கிடந்தது அது. பக்கவாட்டில் நாற்பத்தேழு என்ற பந்தய எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதையே பெயராக்கிக்கொண்டார்கள். டயர் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் படகை நிறுத்தி, வருஷக்கணக்காக மாலை நேரங்களையெல்லாம் அதற்குக் கொடுத்தார் அக்கா. கணவரின் தம்பி லாரி மெக்கானிக். எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்தது அவர். உடம்பை, அதாவது ஃபைபரையும் ரெசினையும் பெயின்டையும், அக்கா பார்த்துக்கொண்டார்.

வாத்தியார் என்றால் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். பஸ்ஸில் போனாலும் லிஃப்டில் இறங்கினாலும் அவருடைய வலது கால் தானாக எதையோ மிதிக்கும். கல்யாணமான புதிதில், தான் வேகமாகப் பேச ஆரம்பித்தால்கூட அந்தக் கால் மிதிப்பதை அக்கா பார்த்திருக்கிறார்.

வாத்தியாருக்கும் படகின் மேல் பகை எதுவும் கிடையாது. செடியைப் பிடுங்கியதே அவர்தான். கடலில் பிரேக் இல்லை என்பதுதான் அவருடைய ஒரே ஆட்சேபம். இப்போது டயர் கடைக்காரர் புது மெஷின் போடக் கொட்டகையைத் திருப்பிக் கேட்டுவிட்டார். வீட்டு வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நிற்கும் இடத்துக்கு மேல் ஒரு சைக்கிள்கூட நிற்காது. வாத்தியாரிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஓட்டல்காரருக்கு விஷயம் தெரிந்து, அவர் டேப்போடு வந்துவிட்டார்.

"அறுத்துப் போடறதுக்கு அங்க மாட்டறது மேல்," என்றார் வாத்தியார், அன்று சாப்பிடும்போது. "நாலு பேர் பாப்பாங்க. நீயும் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"காப்பி குடிச்சிக்கிட்டா?" அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றிருந்தார். "பழைய படகு கிளப் யார்டுல எடம் இருக்குங்க. கூட்டத்தன்னிக்கு அவங்க படகு முன்னால போகும். அது பின்னாலயே போய், மிதவையைச் சுத்தி, தாண்டாம, பின்தங்காம திரும்பி வரணும். வந்துட்டா எடம் குடுப்பாங்க."

"வராட்டி?"

அக்கா தட்டோடு ஜன்னல் பக்கம் நடந்தார்.

"ஓடினா கிளப்புக்கு. ஓடலன்னா ஓட்டலுக்கு. அப்புறம் நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வார்த்தைன்னா வார்த்தைதான். மூஞ்சிக்கு மட்டும் உத்தரவாதம் குடுக்க முடியாது."

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வெள்ளோட்டம். கிளப்பின் கிரேன் நாற்பத்தேழைத் தூக்கியபோது கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அடிவயிறு கண்ணாடி போல மின்னியது. வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக இருந்த கிளப் செயலாளர் கிட்டே வந்து தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வெண்ணெய் மாதிரி இருக்கு!"

"பல்லு செய்யற கை சார்," என்றார் மெக்கானிக் தம்பி பெருமையாக. "எங்க அண்ணி தேய்ச்சா ஈ உக்காந்தாலும் வழுக்கிடும்."

அக்கா சுக்கானைப் பிடித்தார். தம்பி வேகத்தைக் கவனித்தார். துறைமுக வாய் வரை படகு சமர்த்தாகப் போனது. அதற்கப்பால் தம்பி வேகத்தைக் கூட்டும் இரண்டு கம்பிகளையும் முன்னுக்குத் தள்ளினார். எஞ்சின்கள் பாடின. மூக்கு எழும்பியது.

அடுத்த நொடியில் படகு வலது பக்கம் சாய்ந்தது. அக்கா திருப்பினார். இடது பக்கம் விழுந்தது. மறுபடி வலது, மறுபடி இடது, ஒவ்வொரு தடவையும் முன்பைவிட அகலமாக, கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவன் போல. தண்ணீர் இருபக்கமும் சிதறிப் போவதற்குப் பதிலாகப் படகின் உடம்போடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தது. இன்னொரு சாய்வில் தம்பியின் நெஞ்சு பக்கக் கம்பியில் மோதியது. 'ஹக்' என்று ஒரு சத்தம். கம்பிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே அவர் உட்கார்ந்துவிட்டார்.

நடக்கிற வேகத்தில் திரும்பி வந்தார்கள். தம்பிக்கு விலா எலும்பில் கீறல். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, சிரித்தால் வலிக்கிறது, யாரும் ஜோக் அடிக்காதீர்கள் என்றார். கரையில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். புரொப்பல்லர் சரியில்லை என்றார் தம்பி. பின்பக்கம் கனம் அதிகம் என்றார் செயலாளர். இவ்வளவு வேகமே தப்பு என்றார் வாத்தியார். அக்கா மட்டும் கிரேனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"யம்மா, தள்ளி நில்லுங்க! தலைக்கு மேல படகு தொங்குது!" என்று கிரேன்காரர் கத்தினார்.

அக்கா தள்ளி நிற்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரிப் படகுகளின் அடிவயிற்றில், மூக்கிலிருந்து பின்பக்கம் வரை, வயல் வரப்பு போலச் சில மேடுகள் நீளமாக ஓடும். ஓட்டத்தில் தண்ணீரை வெட்டி வெளியே எறிவது அவைதான். பக்கத்தில் வேறொரு பழைய படகு அப்போதுதான் தூக்கப்பட்டு நின்றது. அழகு ஒன்றும் இல்லை, பெயின்ட் உரிந்திருந்தது. ஆனால் அதன் ஒவ்வொரு வரப்பிலிருந்தும் தண்ணீர் மணி கோத்த திரை போல நேராகக் கீழே கொட்டியது. நாற்பத்தேழில் அப்படி இல்லை. மேலிருந்து வழிந்த தண்ணீர் வரப்புக்கு வந்து, அங்கே பிரிய மனமில்லாமல், வளைந்து, மறுபக்கமும் வழிந்து, அடுத்த வரப்புக்கும் அப்படியே போனது.

அக்கா கையைத் தூக்கிக் கட்டைவிரலை வரப்பின் மேல் ஓட்டினார். விரலுக்கு இதமாக இருந்தது. இதமாக இருந்திருக்கக் கூடாது.

வாயில் போகிற எதிலும் கூர் இருக்கக் கூடாது. முனை என்று ஒன்று இருந்தால் நாக்கு அதைத் தேடிப் போகும், புண்ணாகும், டாக்டரிடம் ஓடும். அதனால் பல்செட்டின் ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவித் தடவி மழுக்குவது அக்காவுக்கு யோசிக்காமலே வருகிற வேலை. அரம் எடுத்தால் கடைசி இழுப்பில் மணிக்கட்டு தானாக ஒரு சுழற்றுச் சுழற்றும். வருஷக்கணக்காகக் கொட்டகையில் அந்த மணிக்கட்டு அதையேதான் செய்திருந்தது. வரப்புகளை மழுக்கியது. பின்பக்கம் தண்ணீர் அறுந்து பிரிய வேண்டிய விளிம்பையும் மழுக்கியது. பிரிய வழியில்லாத தண்ணீர் படகைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்திருக்கிறது.

"என்னங்க," என்றார் அக்கா. வாத்தியார் கிட்டே வந்தார். "நான் படகுக்குப் பல்லு கட்டியிருக்கேங்க."

"புரியற மாதிரி சொல்லு."

"கடிக்க வேண்டிய எடத்தையெல்லாம் தடவிக் குடுத்துட்டேன்."

தம்பி சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு முன் இருந்த நாட்களில் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டதாக யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வரப்பின் மேலும் ரெசின் ஏற்றி, அது இறுகியதும் கத்தி போலக் கூராக அரத்தால் ராவ வேண்டும். ரெசின் பழகிய சரக்குதான். கைதான் பழகவில்லை. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மணிக்கட்டு விசுவாசமாகச் சுழன்று, செய்த கூரை மழுக்கியது. முதல் வரப்பை மூன்று தடவை ஏற்றி இறக்கிய பிறகு, அக்கா அரத்தை வீசி எறிந்துவிட்டுக் கொட்டகையை நாலு சுற்று சுற்றினார். பிறகு ஒரு மர ஸ்கேலை எடுத்து முன்கையிலிருந்து விரல் வரை வைத்து, கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மணிக்கட்டு இனி மடங்காது. கட்டுப் போட்ட தம்பி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து காவல் காத்தார்.

"அண்ணி, தோளு சுத்துது."

"சுத்தல தம்பி."

"சுத்துது. மணிக்கட்டைக் கட்டினதும் சனியன் தோளுக்கு ஏறிடுச்சு."

"நீ வாயை மூடு. விலா பத்திரம்."

நடு வாரத்தில் ஒரு டாக்டரிடமிருந்து போன் வந்தது. அக்கா அனுப்பிய பல்செட்டை நோயாளி வாயில் வைப்பதற்கு முன் தடவிப் பார்த்ததில் அவருடைய கையுறை கிழிந்துவிட்டதாம். "என்னம்மா, பல்லு கட்டச் சொன்னா ரம்பம் அனுப்பியிருக்கீங்க?" அக்கா ஓடிப்போய் வாங்கி வந்து ராவிக் கொடுத்தார். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கை மாறிவிட்டது என்று அர்த்தம்.

கடைசி வரப்பை முடித்துவிட்டுக் கட்டைவிரலை ஓட்டினார். ரத்தம் வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தவரைப் பார்த்து வாத்தியார் பதறிப்போய் பிளாஸ்திரி தேடினார்.

ஆனால் விலாவில் அடிபட்டவரை அலையில் நிறுத்த முடியாது. வேகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கிளப்பில் கேட்டால் ஒவ்வொருவருக்கும் சொந்தப் படகு இருந்தது. அக்கா எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கேட்காமல் விட்டிருந்த ஒருவரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காத," என்றார் வாத்தியார்.

"நான் எதுவும் கேக்கலையே."

"பாக்கற பார்வை கேக்குது."

"நீங்க வரலன்னா ஓட்டல்காரருக்குத்தான் லாபம். மீனுக்கும்."

வாத்தியார் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "ஒரு நாள். ஒரே ஒரு நாள். நான் சொல்ற வேகம்தான்."

டிரெய்லர் மேல் நின்ற படகிலேயே பழகினார்கள். அக்கா அலையைச் சொல்வார். அணைத்து வைத்த எஞ்சின்களின் கம்பிகளை வாத்தியார் தள்ளுவார், இழுப்பார். படகு அலையை விட்டு எழும்பும்போது விசையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றில் வெற்றாகச் சுழன்று எஞ்சின் தறிகெட்டுப் போகும். தண்ணீரைத் தொடும்போது திரும்பக் கொடுக்க வேண்டும்.

"கிளட்ச்சை விட்டுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுக்கற மாதிரிதானே," என்றார் வாத்தியார்.

"அண்ணே, அதுக்குப் பேரு ஆக்சிலேட்டர் இல்ல," என்றார் தம்பி.

"என் ஸ்கூல்ல அதுக்குப் பேரு அதுதான்."

கூட்டத்தன்று காற்று பலமாக இருந்தது. கூட்டமும்தான். கரைச் சுவர் முழுக்க ஆட்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள், பலூன்காரர், மைக்கில் யாரோ படகுகளின் வயதை அறிவித்துக்கொண்டிருந்தார். ஓட்டல்காரரும் வந்திருந்தார். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாத முகத்தோடு வாத்தியாருக்குக் கையசைத்தார்.

செயலாளரின் படகு முன்னால் கிளம்பியது. அவர் விசில் ஊதியதும் நாற்பத்தேழு பின்னால் போனது. துறைமுக வாய் தாண்டியதும் அக்கா சொன்னார்: "குடுங்க."

வாத்தியார் கொடுத்தார். ஒரேயடியாக அல்ல. கற்றுக்கொள்பவரை முதல் தடவை மெயின் ரோட்டில் இறக்கிவிடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. மூக்கு எழும்பியது. அக்கா சாய்வுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சாய்வு வரவில்லை. இருபக்கமும் தண்ணீர் தகடு தகடாக அறுந்து வெளியே பறந்தது. படகு ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்கு ஏறி, தண்ணீரை விட்டு விலகி, நேராக நின்றது. சத்தம்கூட மாறிவிட்டது. அடியில் இருந்த இழுவை போய், கல் மேல் ஓடுவது போலத் தடதடவென்று அலைகளின் தலைகள் மட்டும் தட்டின.

"என்னம்மா இது!" என்று வாத்தியார் கத்தினார்.

"இதுதாங்க!"

அலை ஏறும்போது அவர் கை இறங்கியது, விழும்போது ஏறியது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வருஷக்கணக்காக மற்றவர்களின் எஞ்சின் எப்போது திணறும் என்று காதால் கேட்டுக்கொண்டிருந்தவர். மிதவை வந்தது. செயலாளர் சுற்றினார். அக்காவும் சுற்றினார். இனிமேல் கரைதான். அவருக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தால் போதும். யார்டில் இடம் கிடைத்துவிடும்.

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் வந்தது. செயலாளரின் படகு ஒவ்வொரு அலையின் முதுகிலும் ஏறத் திணறி, வேகம் குறைந்தும் கூடியும் தடுமாறியது. அது கிளப்பிய நுரையில் நாற்பத்தேழின் புரொப்பல்லர்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. எஞ்சின் வீறிட்டது, அடங்கியது, வீறிட்டது. இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. அக்கா சுக்கானை உடும்பாகப் பிடித்துக்கொண்டு தனக்குள் முனகினார்: "பின்னாலயே, பின்னாலயே, பின்னாலயே."

"தாண்டு," என்றார் வாத்தியார்.

"என்னது?"

"முன்னாடி போற வண்டி தடுமாறுது. பின்னால ஒட்டிக்கிட்டுப் போறது ஆபத்து. வலது பக்கம் காலியா இருக்கு. தாண்டு."

"தாண்டக் கூடாதுங்க! எடம் போயிடும்!"

"எடத்தை அப்புறம் பாக்கலாம். இடிச்சா ரெண்டு படகும் போயிடும். திருப்பு!"

வாழ்நாளெல்லாம் யாருக்கும் காத்திராத அக்கா அப்போது தயங்கினார். செயலாளரின் படகு இன்னொரு அலையில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது போலத் தெரிந்தது. அதன் பின்பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்கா வலது பக்கம் திருப்பினார். நுரையை விட்டு வெளியே வந்ததும் புரொப்பல்லர்கள் தெளிந்த தண்ணீரைக் கடித்தன. வாத்தியார் இரண்டு கம்பிகளையும் கடைசி வரை தள்ளினார்.

நாற்பத்தேழு முழுதாகத் தண்ணீரை விட்டு எழுந்தது.

கரைக்கு வந்தபோது கூட்டம் ஆரவாரம் செய்தது. செயலாளர் மட்டும் சற்றுத் தாமதமாக, நனைந்த தொப்பியோடு வந்து சேர்ந்தார்.

"படகு பிரமாதமா ஓடுது," என்றார். "அதுல சந்தேகமே இல்ல. ஆனா முன்னால போற படகைத் தாண்டிட்டீங்க."

"பாதுகாப்பான இடைவெளி இல்ல," என்றார் வாத்தியார். "நீங்க ஏத்தத்துல கியர் விழாத வண்டி மாதிரி நின்னீங்க. வலப்பக்கம் பாத்து, ரோடு காலியா இருக்கறதை உறுதி பண்ணிட்டுத்தான் தாண்டினோம். இதுக்கு எந்த டெஸ்ட்லயும் ஃபெயில் போட முடியாது."

"இது ரோடு இல்ல சார்."

"எல்லாம் ரோடுதான்."

செயலாளர் தொப்பியைப் பிழிந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதியை எழுதியவரும் அவர்தான். "இந்த வருஷம் எடம் குடுக்க முடியாதும்மா. அடுத்த கூட்டத்துக்கு வாங்க. பின்னாலயே வாங்க."

அக்கா தலையாட்டினார். உடம்பு முழுக்க உப்புத் தண்ணீர் சொட்டியது. தூரத்தில் ஓட்டல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது.

"வார்த்தை குடுத்திருக்கேன்," என்றார் கணவரிடம். "யார்டுல எடமில்ல. வராரு பாருங்க. சொல்லிடுங்க."

வாத்தியார் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். கைக்குட்டையும் ஈரம். கண்ணாடி இன்னும் மோசமானது. அதையே மாட்டிக்கொண்டார். ஓட்டல்காரர் வந்து சேர்ந்தார்.

"எடம் கிடைக்கலைன்னு மைக்குல சொன்னாங்க," என்றார். குரலில் துக்கத்தையும் ஆசையையும் சரிபாதி கலந்திருந்தார். "அப்ப நாளைக்கு ஆளுங்களை அனுப்பட்டுமா?"

"வேணாம் சார்."

"ஏன்? பேசி வெச்சோமே."

"ஓடலன்னா ஓட்டலுக்குன்னுதான் பேச்சு. ஓடிடுச்சே. நீங்களே பாத்தீங்க," என்றார் வாத்தியார். "ஓடற வண்டியைச் சுவத்துல மாட்ட முடியாது."

அக்கா கணவரைப் பார்த்தார். "எங்க வைக்கறது? கொட்டகையும் போச்சு."

"காரை எடுத்துடலாம்."

அன்று மாலை தெருமுனையில் டிரெய்லர் திரும்பவில்லை. நாற்பத்தேழின் மூக்கு மருந்துக் கடைக்குள் போகப் பார்த்தது. தெருவே வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டியது. "இன்னும் ரெண்டடி விடு!" "ஒடி, ஒடி, ஒடி!" "ஐயோ, கம்பம்!" தம்பி விலாவைப் பிடித்துக்கொண்டு லாரியை ஓட்டினார். வாத்தியார் பின்னால் நடந்தபடி, பழகுகிறவர்களுக்குச் சொல்வது போல ஒவ்வொரு அங்குலமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவிங் ஸ்கூல் கார் வேறொரு தெருவில் நின்றது. கடைசியில் படகு வாசலில் வந்து நின்றபோது அதன் பின்பாதி பக்கத்து வீட்டு வாசலை மறைத்திருந்தது.

"வாத்தியாரே, எங்க கேட்டை நாங்க திறக்க வேணாமா?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

"தாராளமா திறங்க. உள்பக்கமா திறங்க."

அக்கா அதற்குள் படகின் மேல் ஏறி, உப்பைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அடுத்த கூட்டம் வரைக்கும் இது சும்மாவே நிக்குமாங்க?"

"யாரு, படகா, நீயா?"

"ரெண்டும்தான்."

"ஞாயித்துக்கிழமை கிரேன்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். காத்து கம்மியா இருந்தா மிதவை வரைக்கும் போயிட்டு வரலாம். யாரு பின்னாடியும் போகாம."

அக்காவின் கை நின்றது. "இன்னிக்கே ஞாயித்துக்கிழமைதானே?"

"அடுத்த ஞாயிறும்மா."

"அவ்வளவு நாளா?" என்றார் அக்கா.